செடி பட்டு ஊறுதா? முதலில் மணியைப் பாருங்கள்

மருந்துக்கடை வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அண்ணே, தோட்டத்துல ஏதோ செடி பட்டிருச்சு, அலர்ஜிக்கு ஒரு மாத்திரை குடுங்க." கடைக்காரரும் செட்டிரிசின் பட்டையில் நாலைக் கத்தரித்துக் கொடுப்பார், கூடவே ஒரு ட்யூப் களிம்பு. செந்தட்டி பட்டவருக்கும் அதுதான். பூனைக்காலி பட்டவருக்கும் அதுதான். திருவிழாப் பந்தலில் நூறு எலுமிச்சை பிழிந்துவிட்டு வெயிலில் நின்றவருக்கும் அதுதான். ஆளுக்கு ஆள் நோய் வேறு, மருந்து மட்டும் ஒன்று. குணமானவர் கடைக்காரரைக் கைராசிக்காரர் என்பார், ஆகாதவர் மாத்திரை டூப்ளிகேட் என்பார்.

குழப்பத்துக்குக் காரணம் 'அலர்ஜி' என்ற அந்த ஒற்றைச் சொல். செடி பட்டுத் தோல் கெடுவது குறைந்தது நான்கு வழிகளில் நடக்கிறது. அவற்றில் ஒன்றுதான் அலர்ஜி. எந்த வழி என்று கண்டுபிடிக்கச் செடியின் பெயர்கூட உடனே தேவையில்லை. செடி பட்டதற்கும் தோலில் தெரிந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் போனது என்று கணக்குப் போட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்காவின் பாய்சன் ஐவி பற்றிய அறிவுரைகள். "மூன்று இலை இருந்தால் தொடாதே" என்பது அந்த ஊர்ப் பாடம். அந்தக் கொடி நம் காட்டில் கிடையாது. இங்கே அந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வில்வத்தையும் அவரையையும்கூடத் தொட முடியாது. நம் வேலிக்கும் காட்டுக்கும் உரிய கணக்கு வேறு.

குத்தும் செடிகள்: தொட்ட நொடியிலேயே தெரியும்

செந்தட்டி என்றும் காஞ்சொறி என்றும் சொல்லப்படும் செடி வேலியோரத்தில், புதர் நிழலில், மற்ற செடிகளைப் பற்றிக்கொண்டு சுற்றி வளரும். இலை விளிம்பு ரம்பப் பல் போல இருக்கும், தண்டிலும் இலையிலும் மெல்லிய முடி. பட்டதும் சுருக்கென்று எரியும், சில நிமிடங்களில் தடித்துவிடும். நீலகிரியின் உயரமான பகுதிகளில் இதே வேலையைச் செய்யும் வேறு குடும்பத்துச் செடிகள் உண்டு, அவை இன்னும் கடுமை.

அந்த முடியை ஒரு ஊசிபோடும் குழல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நீலகிரிச் செடிகளில் முடியின் நுனி கண்ணாடி போன்ற சிலிக்காவால் ஆனது. தோல் உரசியதும் நுனி ஒடியும், மிச்சம் ஊசியாகிக் குத்தும், அடியில் உள்ள பையிலிருந்து நீர் உள்ளே இறங்கும். செந்தட்டியில் ஒடியும் கண்ணாடிக்குப் பதில் கால்சியம் ஆக்ஸலேட் படிகம் ஒன்று ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும். கருவி வேறானாலும் வேலை ஒன்றுதான்.

மலைச்செடிகள் உள்ளே செலுத்தும் நீரில் இருக்கும் முக்கியமான சரக்கு ஹிஸ்டமின். கொசு கடித்த இடம் தடித்துச் சிவப்பதற்கு நம் உடம்பு தானே வெளிவிடும் பொருள் அது. இந்தச் செடிகள் அதை ரெடிமேடாகக் கொண்டுவந்து ஊசி போட்டுவிடுகின்றன. ஆகவே இது அலர்ஜி இல்லை. எவர் தொட்டாலும் தடிக்கும், முதல் முறையே தடிக்கும். நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலும் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு நாளில் அடங்கிவிடும். செட்டிரிசின் வேலை செய்யத் தொடங்க ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் பலருக்குத் தானே குறைந்திருக்கும், பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகும்.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிதில்லை. துண்டால் துடைக்காதீர்கள், சொறியாதீர்கள். ஒடியாமல் தோலில் படுத்துக்கிடக்கும் முடிகளையும் நாமே அழுத்திக் குத்திக்கொள்வதுதான் அது. செல்லோடேப்பையோ மருத்துவ பிளாஸ்திரியையோ மெதுவாக ஒட்டி, முடி வளர்ந்த திசை பாராமல் நேராக மேலே உரித்தெடுங்கள். ஒவ்வொரு தடவையும் புதுத் துண்டு டேப், நாலைந்து முறை. பிறகு சோப்புத் தண்ணீர். அதன்பின் ஈரத்துணியில் சுற்றிய ஐஸ்கட்டியைப் பத்து நிமிடம் வைத்தால் எரிச்சல் தணியும்.

பூனைக்காலி மட்டும் ஏன் மாத்திரைக்கு மசியாது

பூனைக்காலி அவரை இனத்துக் கொடி. மழைக்காலம் முடிந்து காய் முற்றும்போது பார்த்தால், இரண்டு மூன்று அங்குல நீளத்தில் லேசாக வளைந்த காய்கள் கொத்தாகத் தொங்கும். மேலே பொன்பழுப்பில் வெல்வெட் போல அடர்ந்த முடி. அழகாகத்தான் இருக்கும். முற்றிய காயில் அந்த முடிகள் காம்பில் ஒட்டாத பூந்தூள் மாதிரி. காற்றடித்தாலே உதிரும், மாடு உரசினாலே பறக்கும். கொடியைத் தொடாமல் அடியில் நடந்து போனவருக்கும் கழுத்தில் ஊறுவது இதனால்தான்.

இந்த முடிக்குள் ஹிஸ்டமின் இல்லை. மியூக்குனெய்ன் என்ற நொதி இருக்கிறது. நொதி என்றால் ஒரு பொருளை வெட்டவோ சேர்க்கவோ செய்யும் புரதம். கடா இறைச்சி வேக மறுத்தால் பப்பாளிக்காயை நறுக்கிப் போடுவோமே, அதில் இறைச்சியை மெத்தென்று ஆக்கும் நொதியும் இதுவும் ஒரே வகை. இரண்டும் புரதத்தை வெட்டுபவை. பூனைக்காலி நொதி தோலின் நரம்பு முனையில் உள்ள ஒரு பூட்டை வெட்டித் திறந்துவிடுகிறது. திறந்ததும் நரம்பு "ஊறுது, ஊறுது" என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 1955இல் ஷெல்லி, ஆர்தர் என்ற இரு தோல் ஆய்வாளர்கள் இந்த நொதியைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ஹிஸ்டமின் துணையில்லாமலே கடும் ஊறல் வரும் என்பதற்கு ஆய்வுக்கூடங்களில் இன்றும் இந்த முடியைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்கள்.

ஆக, ஹிஸ்டமினைத் தடுக்கும் செட்டிரிசின் இங்கே அதிகம் உதவாது. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டால் தூக்கம்தான் வரும், ஊறல் போகாது. முடியை அகற்றுவதுதான் மருந்து. கையால் தடவினால் ஊறல் கைக்கும் கையிலிருந்து முகத்துக்கும் போகும். ஈரக் கையால் தேய்ப்பதும் அப்படியே. முதலில் உலர்ந்த நிலையிலேயே டேப், அப்புறம் தேய்க்காமல் சோப்பு நுரை தடவிக் குழாய்த் தண்ணீரில் வழியவிடுவது.

கிராமங்களில் சாணியோ களிமண்ணோ அப்பி, காய்ந்ததும் உதிர்த்துவிடும் வழக்கம் உண்டு. சிரிப்பதற்கில்லை. காயும் மண் முடியைப் பிடித்துக்கொண்டு கழன்று வருகிறது, டேப் செய்யும் அதே வேலை. ஆனால் சொறிந்து கீறிய தோலில் சாணியை அப்புவது சீழுக்கும் இசிவு நோய்க்கும் (டெட்டனஸ்) வாசல் திறப்பது. டேப் கிடைக்காத இடத்தில் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து ஒற்றி எடுக்கலாம்.

உடுத்தியிருந்த துணியை மறந்துவிடாதீர்கள். முடி அதில்தான் அதிகம் தங்கும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று உதறி, மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாக ஊறவைத்துத் துவையுங்கள். தலையில் கட்டியிருந்த துண்டுக்கும் இதே விதி. பசுந்தாள் உரத்துக்கும் தீவனத்துக்கும் பயிரிடும் பூனைக்காலி ரகங்களில் இந்த முடி இருக்காது என்பதால், "நான் வயல்லயே வளர்த்தேன், ஒண்ணும் பண்ணாது" என்று ஒருவர் சொல்வதை நம்பிக் காட்டுக்கொடியில் கை வைக்க வேண்டாம்.

சமையலறையில் சேனை நறுக்கும்போது கை ஊறுவதும், வேகாத கருணை நாக்கில் காறுவதும் இந்த வீட்டுச் சொந்தம்தான். கிழங்கின் செல்களுக்குள் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும், நறுக்கும்போது வெளியே பாயும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கும் பாட்டிமார் சரியாகத்தான் செய்கிறார்கள்.

இதுவரை பார்த்தது: தொட்ட நொடியில் எரிந்தாலோ ஊறினாலோ ஏதோ குத்தியிருக்கிறது. யாருக்கும் நடக்கும். உரித்து எடுப்பது முதல் வேலை, கழுவுவது இரண்டாவது. முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி முடிக்கும் இந்த முறையே பொருந்தும்.

பால் வடியும் செடிகள்: சூடு பட்டது போல

கள்ளியையோ எருக்கையோ ஒடித்தால் வெள்ளையாகப் பால் வரும். கொதிக்கும் கஞ்சி கொட்டினால் அது ஆள் பார்த்தா சுடுகிறது? கள்ளிப்பாலும் அப்படித்தான். தோலை நேரடியாகப் புண்ணாக்கும் இத்தகைய பொருளுக்கு எரிச்சலூட்டி என்று பெயர். அளவும் நேரமும்தான் இங்கே கணக்கு: ஒரு சொட்டைப் பட்டவுடன் கழுவினால் ஒன்றுமில்லை, அதுவே முழங்கையில் வழிந்து ஒரு மணி நேரம் காய்ந்தால் மறுநாள் கொப்புளம். எரிச்சல் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும்.

கள்ளிப்பால் வெறும் தண்ணீரில் எளிதில் போகாத பிசின் சேர்ந்தது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். தோல் சிவந்து வலித்தால் அதை வெந்த புண்ணாகவே நினைத்துக் கவனியுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

உண்மையான ஆபத்து கண்ணில். வேலிக்கள்ளியை வெட்டுபவர் நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைப்பார், அவ்வளவுதான். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கும் குழந்தை அதே கையால் கண்ணைக் கசக்கும். எருக்கம்பாலில் ஒரு சூது உண்டு. கண்ணில் பட்டால் பெரிதாக வலிக்காமலே இருக்கலாம், ஆனால் சில மணி நேரத்தில் பார்வை புகைமூட்டமாகும். கருவிழியின் உள்ளடுக்கை அது கெடுப்பதால் வருவது இது. வலி இல்லை என்பதற்காக வீட்டில் இருந்துவிடக் கூடாது. இமையை விரல்களால் விரித்துப் பிடித்து, சொம்பால் மெதுவாக, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி 15 முதல் 20 நிமிடம் கழுவிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் கண்ணுக்குள் விடும் வேலை வேண்டாம். கழுவும் நேரம்தான் வீணாகும்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வாங்கிக் கொடுத்த தில்லை மரமும் இந்தக் கூட்டத்தில் உண்டு. பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டில் இப்போதும் நிற்கிறது. கிளை ஒடிந்தால் வரும் பால் தோலைக் கொப்புளிக்க வைக்கும், கண்ணில் பட்டால் கொஞ்ச நாளுக்குப் பார்வையை மறைக்கும். படகில் போகும்போது தாழ்ந்த கிளையைப் பிடித்து இழுத்து விளையாடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எலுமிச்சையும் வெயிலும்

சில தாவரச் சாறுகள் இருட்டில் சாது. வெயில் பட்டால்தான் வேலையைக் காட்டும். பட்டாசில் மருந்து இருந்தாலும் நெருப்பு வைத்தால்தானே வெடிக்கும்? எலுமிச்சைத் தோல், அத்திப்பால், அருவதா இலை, கார்போக அரிசி ஆகியவற்றில் சோராலென் என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன. தோலில் அவை இருக்கும்போது வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் அந்த இடத்துச் செல்கள் கருகும்.

இதில் ஏமாற்றுவது நேரம். பிழிந்த அன்று ஒன்றுமே தெரியாது. மறுநாள் சிவக்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்க் கொப்புளிக்கும், அப்புறம் கரும்பழுப்பு நிறம் தட்டும். அந்தக் கருமை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். ஊறலைவிட எரிச்சல்தான் அதிகம். தோலில் உள்ள கோலமே காட்டிக்கொடுத்துவிடும்: சாறு வழிந்த தாரை, சொட்டிய புள்ளி, குழந்தையைத் தூக்கியிருந்தால் அதன் இடுப்பில் ஐந்து விரல் தடம். இந்தத் தடத்தைப் பார்த்துக் குழந்தையை யாரோ அடித்துவிட்டார்கள் என்று சந்தேகம் வருவதும் உண்டு.

பிழிந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெயிலுக்குப் போனால் போதும், பிரச்சினையே இல்லை. கருமை விழுந்துவிட்டால் அதை உரசித் தேய்ப்பதால் கூடுமே தவிரக் குறையாது. துணியால் மூடி வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் தானே மங்கும். வெண்புள்ளிக்கு என்று கார்போக அரிசியை அரைத்துக் கூடுதலாகப் பூசிவிட்டு வெயிலில் உட்கார்ந்து கொப்புளித்துப் போகிறவர்கள் பலர். அதை மருத்துவர் சொல்லும் அளவும் நிமிடமும் இல்லாமல் செய்யவே கூடாது.

சேங்கொட்டை, முந்திரி, மாங்காய்ப் பால்: இதுதான் அலர்ஜி

இப்போதுதான் அந்தச் சொல்லுக்கு உரிய இடத்துக்கு வருகிறோம். ஒவ்வாமை என்பது, தன்னளவில் பெரிய கேடு செய்யாத ஒரு பொருளை உடம்பின் காவல்படை எதிரி என்று குறித்துக்கொண்டு, அடுத்த முறை பார்க்கும்போது அடிதடியில் இறங்குவது. அந்த அடிதடியில் சேதமாவது நம் தோல்.

ஊர் காவல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். புது முகம் ஒன்று முதல் தடவை ஊருக்குள் வருகிறது. அவர் அடிப்பதில்லை. முகத்தைப் பார்த்து, நாலு பேரிடம் சொல்லி, அடையாளத்தை எழுதி வைத்துக்கொள்கிறார். உடம்பில் இதற்குப் பத்து நாளிலிருந்து இரண்டு மூன்று வாரம் வரை ஆகும். அடுத்த முறை அதே முகம் வந்தால் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருவார். திரட்டவும் நேரம் வேண்டுமே, ஒரு நாளிலிருந்து மூன்று நாள். டி செல்கள் என்ற வெள்ளணுக்கள்தான் இங்கே காவல்காரர்கள்.

மக்கள் குழம்பும் மூன்று விஷயங்களுக்கு இதிலேயே விடை இருக்கிறது. "போன தடவை தொட்டப்ப ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். போன தடவைதான் அடையாளம் எழுதப்பட்டது. "நேத்து சாப்பிட்ட மீன்தான் காரணம்" என்பார்கள். மூன்று நாள் முன்பு தோப்பில் மாங்காய் பறித்தது ஞாபகத்தில் இருக்காது. "என் தம்பியும் கூடத்தான் இருந்தான், அவனுக்கு ஒண்ணுமில்லையே" என்பார்கள். தம்பியின் காவல்படை அந்த முகத்தை எதிரியாகக் குறிக்கவில்லை, இன்றைக்கு வரை.

நம் ஊரில் இந்த வகைக்குத் தலைமை மா குடும்பம். மா, முந்திரி, சேங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பத்தவை. அமெரிக்கப் பாய்சன் ஐவியும், ஜப்பானில் மரப்பாத்திரங்களுக்கு மெருகு பூசும் உருஷி மரமும் இதே குடும்பம்தான். அந்த உருஷியிலிருந்து வந்த பெயர்தான் யுருஷியால். இந்தக் குடும்பத்து மரங்களில் உள்ள, தோலில் ஊறி ஒட்டிக்கொள்ளும் எண்ணெய்ப் பசை அது. முந்திரி ஓட்டெண்ணெயிலும் சேங்கொட்டைச் சாற்றிலும் மாங்காய்க் காம்புப் பாலிலும் இருப்பவை இதன் பங்காளிகள். ஒன்றுக்கு ஒவ்வாமை வந்தவருக்கு மற்றவையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

சேங்கொட்டையைச் சேராங்கொட்டை என்றும் சொல்வார்கள். துணி வெளுப்பவர்கள் அழியாக் குறி போடப் பயன்படுத்திய கொட்டை அதுதான். அந்தக் குறி பட்ட சட்டைக் கழுத்தால் பிடரியில் மட்டும் தடித்துப் போனவர்கள் ஒரு காலத்தில் ஏராளம். இதன் சாறு இரட்டை வேலை செய்யும். பட்ட இடத்தை அப்போதே கருக்கிப் புண்ணாக்கும், ஒவ்வாமை உள்ளவருக்கு இரண்டு நாள் கழித்துச் சுற்றிலும் பொரிந்து வீங்கும். முந்திரி ஓட்டெண்ணெயும் அப்படியே. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் விரல் நுனிகளைப் பார்த்தாலே தெரியும். வறுத்து ஓடு நீக்கிய பருப்பில் இந்தத் தொல்லை இல்லை. பச்சை முந்திரிக்கொட்டையைப் பல்லால் கடிக்கும் பிள்ளைகளுக்குத்தான் உதடு வெந்துபோகும்.

முந்திரி உடைப்பவர்கள் வேலைக்கு முன்பு கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொள்வார்கள். முன்னால் பூசிய எண்ணெய் ஒரு திரை. இதைப் பார்த்துவிட்டு, பால் பட்ட பிறகு தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள் சிலர். அது நேர் எதிர் வேலை செய்யும். எண்ணெயில் கரையும் பசையை எண்ணெய் கரைத்து, காசளவு இருந்ததைக் கையளவு பரப்பிவிடும்.

கழுவும் முறை இங்கேதான் அதிகம் முக்கியம். மெக்கானிக் கையில் கிரீஸ் பட்டால் எப்படிக் கழுவுவார் என்று யோசியுங்கள். பசை கண்ணுக்குத் தெரியாத கிரீஸ். முதல் பத்து நிமிடத்துக்குள் கழுவினால் பெரும்பகுதி போகும், அரை மணியைத் தாண்டினால் தோலோடு பிணைந்துவிடும். குளிர்ந்த தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி, துணியால் ஒரே திசையில் வழித்து, அலசுங்கள். மூன்று முறை. ஒரே கப்பில் தண்ணீர் பிடித்து அதிலேயே கையை முக்கிக்கொண்டிருந்தால் பசை ஊர்வலம் போகும். நகக்கண்ணில் தங்கிய பசைதான் மறுநாள் கண்ணிமைக்கும் கழுத்துக்கும் போகிறது என்பதால் நகத்தை வெட்டிவிட்டுக் கழுவினால் இன்னும் நல்லது. தேங்காய் நாரால் பறக்கப் பறக்கத் தேய்க்காதீர்கள். பிறகு அரிவாள் பிடி, தொரட்டிக் கம்பு, செருப்பு வார், வண்டியின் கைப்பிடி, கைபேசி. இவற்றில் காய்ந்த பசை நெடுநாள் வீரியத்தோடு இருக்கும். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் திரும்பவும் பொரிகிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் அரிவாள் பிடிதான்.

கொப்புள நீர் பட்டால் பரவும் என்ற பயம் தேவையில்லை. அதில் இருப்பது உங்கள் உடம்பின் நீர், செடியின் பசை அல்ல. நாளுக்கு நாள் புதுப்புது இடத்தில் வருவது பரவல் போலத் தெரியும். பசை குறைவாகப் பட்ட இடம், தோல் தடித்த இடம், இவையெல்லாம் தாமதமாகக் கிளம்புகின்றன. வீட்டில் ஒருவருக்கு வந்தது அடுத்தவருக்கு ஒட்டாது, கழுவாத துணியைத் தொட்டாலொழிய.

ஒருமுறை கிளம்பினால் அடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். கேரளத்தில் 'சேரு' மரத்தால் வீங்கியவர்கள் தான்றி மரத்தைச் சுற்றி வந்து மன்னிப்புக் கேட்கும் பழக்கம் உண்டு. சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் கணக்கு அதே இரண்டு மூன்று வாரம்தான், ஆனாலும் சாணியை அப்புவதைவிட மரத்தைச் சுற்றுவது தோலுக்கு நல்லது.

சுருக்கமாக: ஒரு நாள் கழித்துக் கிளம்பி, கோடு கோடாகக் கொப்புளித்து, எரிச்சலைவிட ஊறல் மிஞ்சினால் ஒவ்வாமை. பட்டவுடன் கழுவுவது ஒன்றுதான் தடுப்பு. கிளம்பிய பிறகு கழுவினால் மிச்சப் பசை போகுமே தவிர, கிளம்பியது திரும்பாது.

பார்த்தீனியம்: தொடாமலே வருவது

1950களில் புனே பக்கம் முதலில் கண்ணில் பட்ட களை இது. வெளிநாட்டுக் கோதுமையோடு வந்ததாகவே பரவலாகக் கருதப்படுகிறது. ஒரே செடி 15,000க்கும் மேல் விதை போடும் என்பதால் இன்று இல்லாத காலிமனை இல்லை. இதன் நுண்முடிகளில் உள்ள பார்த்தீனின் என்ற பொருள்தான் ஒவ்வாமை தருவது. செடி காய்ந்து நொறுங்கினால் தூசியோடு காற்றில் பறக்கும். கண்ணிமை, காதின் பின்புறம், கழுத்து, முழங்கை மடிப்பு என்று தூசியும் வியர்வையும் தங்கும் இடங்களில் தோல் தடித்துக் கருத்து அரிக்கும். ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் விவசாயிகளுக்கு இது திடீரென்று ஆரம்பித்து, விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று வாரக் கணக்கு இதற்குச் செல்லாது, ஏனென்றால் தூசி தினமும் வருகிறது. சாமந்தி இதே குடும்பம் என்பதால், பூக்கட்டும்போதும் சிலருக்குக் கிளம்பும்.

பூ வைக்கும் முன்பு, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு வேரோடு பிடுங்குவதே முறை. வெறும் கையால் பிடுங்கச் சொல்லிப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் வழக்கத்தை ஒழித்தாக வேண்டும். பிடுங்கியதைக் கொளுத்துவதும் வேண்டாம். சேங்கொட்டை, முந்திரி ஓடு, மாங்குச்சி எதுவானாலும் புகையோடு பசை மூச்சுக்குழலுக்குள் போனால் தோலில் வந்ததைவிடப் பெரிய தொல்லை.

களிம்பும் மாத்திரையும்

ஒவ்வாமைக் கொப்புளத்துக்குச் சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து 15, 20 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை போடுங்கள். நீர் கசியும் இடத்தில் காலமைன் லோஷன். சிறிய இடமென்றால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு. செட்டிரிசின் இங்கே தடிப்பைக் குறைக்காது. சுடுதண்ணீர் ஊற்றினால் அந்த நேரத்துக்குச் சொர்க்கம் மாதிரி இருக்கும், அப்புறம் ஊறல் கூடலாம்.

ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமிக்கொல்லி மூன்றையும் கலந்து விற்கும் ட்யூபை முகத்திலும் தொடையிடுக்கிலும் பூசுவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. இரண்டு நாளில் சிவப்பு மறையும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து, படர்தாமரை வேறு புதிதாகக் குடியேறும். கடும் வீக்கத்துக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மாத்திரை வேறு கதை. அதை இரண்டு மூன்று வாரம் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். ஊறல் நின்றுவிட்டது என்று ஐந்தாம் நாள் நாமாக நிறுத்தினால், காவல்படை இன்னும் கலையாததால் பழையபடி கிளம்பும். சர்க்கரை நோய் இருந்தால் சீட்டு எழுதும் முன்பே சொல்லிவிட வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு தடவுவது காரத்தால் இன்னொரு புண். எலுமிச்சை தேய்ப்பது என்ன செய்யும் என்று மேலேயே பார்த்துவிட்டோம்.

மூச்சு முட்டினாலோ, நாக்கும் உதடும் வீங்கினாலோ, தலை சுற்றி விழுந்தாலோ களிம்பைத் தேடாமல் 108ஐ அழையுங்கள். கண்ணிலோ பிறப்புறுப்பிலோ பட்டிருந்தால், உடம்பில் கால்வாசிக்கு மேல் பொரிந்திருந்தால், புகையைச் சுவாசித்திருந்தால், காய்ச்சலும் சீழும் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். பத்து நாளில் குறையவில்லை என்றாலும் போகத்தான் வேண்டும்.

போகும்போது செடியின் ஒரு துண்டை டேப் ஒட்டிய பாலிதீன் பையில் கொண்டு போகலாம், படம் எடுத்துப் போனால் இன்னும் உத்தமம். செடி பட்ட நாளும் மணியும், தோலில் தெரிந்த நாளும் மணியும் ஒரு தாளில். எந்தச் செடி என்று தெரியாமல் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு ஒட்டுச் சோதனை செய்வார்கள். சந்தேகப்படும் பொருள்களைத் துளித்துளியாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து உரித்துப் பார்த்து, ஓரிரு நாள் விட்டு மறுபடியும் பார்ப்பார்கள். ஒவ்வாமை தாமதமாகக் கிளம்பும் என்பதால்தான் இரண்டு தடவை. அந்த நாட்களில் முதுகை நனைக்கக் கூடாது, வியர்க்கும்படி வேலை செய்யக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சோதனை பொய் சொல்லும் என்பதால் அதை முன்கூட்டியே சொல்லி நாள் குறித்துக்கொள்ளுங்கள்.